ரொட்டியிலும் சாலட்டிலும் மறைந்துள்ள சர்க்கரை: மாற்றுப் பண்டங்கள் சில

நீரிழிவு நோயுடையோரும் உடற்பருமனைக் குறைக்க விரும்புவோரும் காப்பியிலும் தேநீரிலும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்வது இன்று நம் நாட்டில் பெருகிவரும் வழக்கமாகும். இனிப்புப் பலகாரங்களையும் அவர்கள் விலக்க முயல்கின்றனர். ஆயினும், நாவுக்குப் புளிப்பாகவும் காரமாகவும் தோன்றும் சில பண்டங்களின் வாயிலாக அதே சர்க்கரை உணவில் புகுந்துவிடுவதைப் பலர் உணர்வதில்லை. ரொட்டித் துண்டுகளின் இடையே தடவப்படும் ஜாம், தக்காளி கெட்சப், சாண்ட்விச் ஸ்பிரெட், முட்டை சேராத மயோனைஸ் ஆகியவை இத்தகையவை. பச்சைக் காய்கறிகளை நறுக்கிக் கலந்த சாலட்டின்மீது ஊற்றப்படும் டிரெஸ்ஸிங் என்னும் கெட்டிச் சாறும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு காலத்தில் பெருநகர உணவு விடுதிகளில் மட்டுமே காணப்பட்ட இப்பண்டங்கள் இன்று சிற்றூர்க் கடைகளிலும் சிறு பொட்டலங்களாக விற்கப்படுகின்றன. பள்ளிச் சிறுவரின் உணவுப் பெட்டியிலும் இடம் பெற்றுவிட்டன.

இவற்றை விலக்குங்கள் என்று கூறுவது எளிது. ஆனால் அவற்றின் இடத்தில் எதை வைப்பது என்று கூறாவிடில் அவ்வறிவுரை நெடுநாள் நிலைப்பதில்லை. இப்பண்டங்களில் சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. அது மூன்று வெவ்வேறு பணிகளைச் செய்கிறது. அம்மூன்று பணிகளையும் பிரித்து அறிந்துகொண்டால், ஒவ்வொன்றிற்கும் ஏற்ற மாற்று நம் நாட்டுச் சமையலறைகளிலேயே கிடைக்கக் காணலாம். அவ்வறிவின்றிச் சர்க்கரையை மட்டும் நீக்கினால் சுவை கெடுவதோடு பண்டமும் விரைவிற் கெட்டு நோயை உண்டாக்கவுங்கூடும்.

எவ்வளவு சர்க்கரை?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, ஜாம் என்ற பெயரில் விற்கப்படும் பண்டத்தில் நீரிற் கரையும் திடப்பொருள் நூற்றுக்கு 65 பங்குக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். இத்திடப்பொருளிற் பெரும்பகுதி சர்க்கரையே. ஆகவே 15 கிராம் எடையுள்ள ஒரு கரண்டி ஜாமில் ஏறத்தாழ 9 கிராம் சர்க்கரை அடங்கியுள்ளது எனக் கொள்ளலாம். தக்காளி கெட்சப்புக்கு இவ்வளவு நூற்றுக்கு 25 பங்கு என நிர்ணயிக்கப்பட்டுள்ளது. புளிப்பாகத் தோன்றும் கெட்சப்பிலும் கரண்டிக்கு 3 கிராம் அளவிற் சர்க்கரை இருத்தல் இயல்பு.

உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், உணவிற் புறத்தேயிருந்து சேரும் சர்க்கரை மொத்தக் கலோரியில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேற்படலாகாது என்றும், 5 பங்குக்குக் குறைப்பது மேலும் நன்மை தரும் என்றும் கூறப்பட்டுள்ளது. நாள்தோறும் 2000 கலோரி உண்பவருக்கு 5 பங்கு என்பது 25 கிராம் சர்க்கரையாகும். மூன்று கரண்டி ஜாம் உண்டால் இவ்வளவு முழுதும் தீர்ந்துவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்ற பேராய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவு நோயுடையோர் என்றும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அந்நோயின் முன்நிலையில் உள்ளோர் என்றும் அது மதிப்பிட்டது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை, இந்தியர் பெறும் கலோரியில் நூற்றுக்கு 62 பங்கு கார்போஹைட்ரேட் என்னும் மாச்சத்திலிருந்தே கிடைக்கிறது எனக் காட்டியது. மாச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அதனிடத்தில் பருப்பு, நிலக்கடலை முதலிய தாவரப் புரதத்தையோ பாற்புரதத்தையோ கொள்வோரிடம் இந்நோய் குறைவாகக் காணப்படுவதையும் அது எடுத்துரைத்தது. கீழே கூறப்படும் மாற்றுப் பண்டங்கள் பெரும்பாலும் இவ்விரு புரதங்களையே அடிப்படையாகக் கொண்டவை.

சர்க்கரை செய்யும் மூன்று பணிகள்

முதற்பணி, புளிப்பை அடக்குவது. டிரெஸ்ஸிங்குகளில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ அவசியம் சேரும். அவற்றின் கூரிய புளிப்பு, சர்க்கரை சேர்ந்தவுடன் மட்டுப்படுகிறது. இரண்டாவது பணி, கெட்டித் தன்மை அளிப்பது. சர்க்கரைப் பாகு சாற்றைக் குழைவாக்கி, காய்த் துண்டின்மீதும் ரொட்டியின்மீதும் படியச் செய்கிறது. ஜாமில் பழத்திலுள்ள பெக்டின் என்னும் பொருள் அமிலத்துடனும் மிகுதியான சர்க்கரையுடனும் சேர்ந்தே இறுகுகிறது. மூன்றாவது பணி, கெடாமற் காப்பது. சர்க்கரை தன்னைச் சூழ்ந்துள்ள நீரைப் பற்றிக்கொள்ளுதலால், பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தம் வளர்ச்சிக்கு அந்நீரைப் பயன்படுத்த இயலாமற் போகிறது. ஜாம் பல மாதங்கள் கெடாதிருப்பதன் முக்கியக் காரணம் இதுவே.

முதலிரண்டு பணிகளுக்கும் மாற்றுக் காண்பது எளிது. மூன்றாவதே கடினமானது, அதிற்றான் மிகுந்த கவனம் வேண்டும்.

புளிப்பை அடக்கும் வழிகள்

கொழுப்பும் புரதமும் நாவின்மீது ஒரு படலம்போற் படிந்து புளிப்பின் கூர்மையைத் தணிக்கின்றன. ஆதலின் எலுமிச்சைச் சாற்றைத் தனியே ஊற்றாமல், கெட்டித் தயிருடனோ, அரைத்த எள்ளுடனோ, நிலக்கடலை விழுதுடனோ கலந்தால் சர்க்கரையின் தேவை மறைகிறது. சிறிதளவு உப்பும் இதற்குத் துணை செய்யும். மணமும் இங்கு பயன்படும். சோம்பில் உள்ள அனித்தோல் என்னும் மணப்பொருள் தானே இனிப்புச் சுவையுடையது. இலவங்கப்பட்டையின் மணம், இனிப்பு இல்லாத இடத்திலும் இனிப்பை நினைவூட்டுவது. வறுத்துப் பொடித்த சோம்பு ஒரு சிட்டிகை சேர்த்த தயிர்ச் சாறு, சர்க்கரையின்றியே மென்மையான சுவையுடையதாக விளங்கும்.

வெல்லம், தேன், பேரீச்சம்பழ விழுது ஆகியவற்றைச் சேர்த்துவிட்டுச் சர்க்கரை சேர்க்கவில்லை எனக் கருதுவது தவறாகும். தேனில் நூற்றுக்கு 80 பங்கு அளவிற்குச் சர்க்கரைகளே உள்ளன. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே. கடுகும் தேனும் கலந்த டிரெஸ்ஸிங் இயற்கையானது என விளம்பரம் செய்யப்பட்டாலும் இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை அது மாற்றுப் பண்டம் ஆகாது.

கெட்டித் தன்மை தரும் பொருள்கள்

குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் தயிரைத் துணியிற் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்துச் சக்கா என்னும் கெட்டிப் பொருளைத் தயாரிக்கின்றனர். அதனுடன் சர்க்கரை சேர்த்தால் ஸ்ரீகண்ட் என்னும் இனிப்பாகும். சர்க்கரைக்குப் பதிலாக உப்பும் மிளகும் சேர்த்தால் அதே சக்கா சிறந்ததொரு தடவு பண்டமாகிவிடும். வடியும் நீருடன் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியும் வெளியேறிவிடுதல் இதன் கூடுதல் நன்மை.

எள்ளை வறுத்து அரைத்து, அதில் எலுமிச்சைச் சாறும் நீரும் சிறிது சிறிதாக விட்டுக் குழைத்தால், வெண்மையான கெட்டிக் குழம்பாகத் திரளும். மேற்காசிய நாடுகளில் வழங்கும் தஹினிச் சாறு இம்முறையில் அமைந்ததே. அரைத்த கடுகு மற்றொரு வகையிற் பயன்படுகிறது. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் இயல்பாகக் கலவாதவை. சிறிது அரைத்த கடுகைச் சேர்த்து நன்கு அடித்தால் அவை விரைவிற் பிரியாமல் ஒன்றியிருக்கும்.

கடைப் பண்டங்கள் பலவற்றில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு ஸ்டார்ச் அல்லது மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்துக் கெட்டியாக்குவதுண்டு. இவையும் மாச்சத்தே, உடலிற் செரித்துக் குளுகோஸாக மாறுபவை. வீட்டிலும் சோளமாவைக் கரைத்துக் காய்ச்சிக் கெட்டியாக்கினால் நோக்கம் நிறைவேறாது. சட்னியில் சேர்க்கும் பொட்டுக்கடலையிலும் மாச்சத்து மிகுதி. அதனிடத்தில் வறுத்த நிலக்கடலையையோ தேங்காயையோ சேர்த்துக்கொள்ளலாம்.

தயாரிக்கும் முறைகள்

சக்காத் தடவல்: 500 கிராம் தயிரைத் தூய மெல்லிய துணியிற் கட்டி, குளிர்ப்பெட்டியினுள் ஒரு பாத்திரத்தின்மேல் தொங்கவிட்டு 5 அல்லது 6 மணி நேரம் நீர் வடியவிடவும். சுமார் 200 முதல் 250 கிராம் சக்கா கிடைக்கும். துருவி நன்கு பிழிந்த வெள்ளரிக்காய், நறுக்கிய புதினா, மிளகுத்தூள், சிறிது உப்பு ஆகியவற்றைக் கலந்து ரொட்டியிற் தடவலாம். ஒரு கரண்டியில் உள்ள மாச்சத்து 1 கிராமுக்கும் குறைவே. மயோனைஸுக்கு இது நல்ல மாற்று. பச்சை முட்டையைக் கொண்டு தயாரித்த மயோனைஸால் உணவு நச்சு நேரிடுவதை முன்னிட்டுத் தெலங்கானா அரசு 2024ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டிலும் அதன் விற்பனைக்கு ஓராண்டுத் தடை விதித்தமை இங்கு நினைவுகூரத் தக்கது.

நிலக்கடலைத் தடவல்: 250 கிராம் நிலக்கடலையை மிதமான தீயில் வறுத்துத் தோல் நீக்கி, சூடு ஆறுமுன் மின் அரைவையில் இட்டு இடையிடையே நிறுத்தி அரைக்கவும். முதலிற் பொடியாகவும், பின்னர் எண்ணெய் கசிந்து குழைந்த விழுதாகவும் மாறும். உப்பு ஒரு சிட்டிகை போதும், நீர் சேர்க்கலாகாது. ஒரு கரண்டியில் மாச்சத்து ஏறத்தாழ 3 கிராம், புரதம் 4 கிராம். பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய பருப்புகளை அரைப்பதற்குமுன் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. வறுத்தாலும் முற்றிலும் அழியாதது. 1974ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டதனால் இந்நஞ்சுக்கு ஆளாகி நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கடுகுத் தயிர்ச் சாறு: ஒரு தேக்கரண்டி கடுகைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அந்நீருடனேயே அரைத்து 10 நிமிடம் வைக்கவும். கடுகிலுள்ள ஒரு நொதி நீர் பட்டவுடன் செயற்பட்டு, காரமான எண்ணெயை வெளிப்படுத்துகிறது. சுடுநீரை ஊற்றினால் அந்நொதி அழிந்து காரம் தோன்றாது. காரம் எழுந்தபின் 100 கிராம் கெட்டித் தயிர், எலுமிச்சைச் சாறு, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து அடித்துக் காய்களின்மீது ஊற்றலாம். வங்காளத்தின் காசுந்தியிலும் கேரளத்துப் பச்சடியிலும் கடுகின் இக்குணமே பயன்படுத்தப்படுகிறது.

பச்சைச் சட்னி: கொத்துமல்லி ஒரு கட்டு, புதினா அரைக் கட்டு, வறுத்த நிலக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, பச்சை மிளகாய், இஞ்சி, உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை நீர் குறைவாக விட்டுக் கெட்டியாக அரைக்கவும். சாண்ட்விச் ஸ்பிரெட்டுக்கும் கெட்சப்புக்கும் இது மாற்றாகும். மும்பை நகரில் தெருவோரம் விற்கப்படும் காய்கறிச் சாண்ட்விச்சில் தடவப்படுவது இவ்வகைச் சட்னியே.

கெடாமற் காத்தல்

சர்க்கரையை நீக்கிய பண்டத்தை ஜாமைப் போல் மேசைமீது திறந்து வைத்துப் பல வாரங்கள் உபயோகிக்க இயலாது. பண்டத்தைக் காக்க எஞ்சியுள்ள வழிகள் மூன்று: புளிப்பு, குளிர்ச்சி, நீரின்மை. எலுமிச்சைச் சாறு சேர்ந்த சட்னியைக் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாட்களும், சக்காவை மூன்று நாட்களும் வைக்கலாம். ஈரக் கரண்டியை இடுதலும், வெயிற்காலத்தில் ரொட்டியிற் தடவிப் பல மணி நேரம் பையில் எடுத்துச் செல்லுதலும் தவிர்க்கத் தக்கவை. பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்துச் சாதாரண வெப்பநிலையில் சேமித்தல் அபாயகரமானது. காற்றுப் புகாத அவ்வெண்ணெயினடியில், உயிருக்கே கேடு விளைக்கும் பொட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரக்கூடும். அதன் கெடுதல் மணத்தாலோ சுவையாலோ புலப்படாமலும் இருக்கலாம். பூண்டு சேர்த்த சாற்றை அன்றன்றே தயாரித்து அன்றே தீர்த்துவிடுதல் வேண்டும்.

குளிர்ப்பெட்டி இல்லாத இல்லங்களுக்கு மூன்றாவது வழியே உகந்தது. நீர் ஏறத்தாழ இல்லாத காரணத்தால் நிலக்கடலை விழுது, உலர்ந்த மூடிய சீசாவிற் சில வாரங்கள் கெடாதிருக்கும். மகாராஷ்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் நிலக்கடலை, எள், ஆளிவிதை, பேயெள்ளு ஆகியவற்றை வறுத்து, காய்ந்த மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்த உலர் சட்னிப் பொடிகள் வழக்கத்தில் உள்ளன. சோலாப்பூரின் நிலக்கடலைச் சட்னி பெயர் பெற்றது. இப்பொடியை உண்ணும் வேளையில் மட்டும் தயிருடனோ சிறிது எண்ணெயுடனோ குழைத்தால் தடவு பண்டமாகும். எலுமிச்சைச் சாறும் நீரும் விட்டால் டிரெஸ்ஸிங் ஆகும். சர்க்கரையின் காவற்பணியை இங்கு உலர்ந்த தன்மையே நிறைவேற்றிவிடுகிறது. கிராமப் பகுதிகளில் செயல்முறை விளக்கம் காட்டுவோர் இம்முறையை முதலிற் கற்பித்தல் நலம்.

கவனிக்க வேண்டியவை

மாச்சத்துக் குறைவு என்பதனால் அளவின்றி உண்ணலாம் என்பது பொருளன்று. ஒரு கிராம் மாச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஒரு கரண்டி நிலக்கடலைத் தடவலிலேயே சுமார் 90 கலோரி உண்டு. ஆகவே ரொட்டிக்கு ஒரு கரண்டி என்ற அளவு போதுமானது. மேலும் ரொட்டியும் மாச்சத்து நிறைந்ததே. ஒரு துண்டில் 12 முதல் 15 கிராம் வரை அடங்கும். இரண்டு துண்டுகளுக்குப் பதிலாக ஒரு துண்டும், எஞ்சிய இடத்திற்கு வெள்ளரி, தக்காளி, முட்டைக்கோசு ஆகியவையும் கொள்வது, தடவு பண்டத்தை மாற்றுவதைக் காட்டிலும் மிகுந்த பயன் தரும். நிலக்கடலையும் எள்ளும் கடுகும் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குவன என்பதையும் மறத்தலாகாது.

செயற்கை இனிப்புப் பொருள்கள் சேர்ந்த ஜாமும் டிரெஸ்ஸிங்கும் கடைகளிற் கிடைக்கின்றன. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இவற்றைக் கைக்கொள்ளுதல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இப்பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு நோயுடையோரைக் கருதியதன்று. அவர்கள் தம் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். இனிப்பின்மீது உள்ள நாட்டத்தையே மெல்லக் குறைத்துக்கொள்வது யாவருக்கும் நன்று.

இன்சுலினோ, இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளோ உட்கொள்வோருக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. மருந்தின் அளவு, அவர்கள் வழக்கமாக உண்ணும் மாச்சத்தைக் கணக்கிற் கொண்டு நிர்ணயிக்கப்பட்டிருக்கும். மாச்சத்தைத் திடீரெனப் பெரிதும் குறைத்துவிட்டு மருந்தை முன்போலவே உட்கொண்டால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகியவை நேரிடலாம். களப் பணியாளர்கள் எவ்வீட்டில் உணவு மாற்றத்தைப் பற்றி அறிவுரை கூறினாலும், மருந்து உட்கொள்வோர் அங்கு உளரா என்று முதலில் வினவ வேண்டும். உளராயின், மருத்துவரைக் கண்ட பின்னரே மாற்றத்தைத் தொடங்குமாறு கூறவேண்டும்.

பள்ளியிலும் களத்திலும்

இப்பொருளைக் கற்பிக்கக் கருவிகள் அதிகம் தேவையில்லை. உணவுப் பொட்டலங்களின்மீது சேர்மானங்களை எடை மிகுதியின் வரிசையில் அச்சிடுதல் சட்டப்படி கட்டாயமாகும். ஊட்டச்சத்துப் பட்டியலில் மாச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை ஆகியவற்றைத் தனித்தனியே காட்ட வேண்டும் என 2020ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. மாணவர்கள் தத்தம் இல்லங்களிலிருந்து காலிப் புட்டிகளையும் பொட்டலங்களையும் கொணர்ந்து, சேர்மான வரிசையில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் உள்ளது என்று காணலாம். திரவ குளுகோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்னும் பெயர்களும் சர்க்கரையையே குறிக்கும் என்று அப்போது விளக்கலாம். சேர்க்கப்பட்ட சர்க்கரை இல்லை என்று எழுதியிருப்பினும், மாச்சத்து என்ற வரியைப் படிக்காமல் முடிவு செய்யலாகாது என்றும் கற்பிக்க வேண்டும்.

பின்னர், ஒரு கரண்டிப் பண்டத்தில் உள்ள சர்க்கரையைக் கணக்கிட்டு, அவ்வளவு சர்க்கரையைத் தராசில் நிறுத்து ஒரு தாளின்மீது கொட்டிக் காட்டலாம். பட்டியலிற் கண்ட எண்ணைக் காட்டிலும் கண்ணெதிரே குவிந்த சர்க்கரை மாணவர் மனத்தில் ஆழப் பதியும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் சர்க்கரை அளவை விளக்கும் பலகைகளை அமைக்குமாறு 2025ஆம் ஆண்டில் பணித்தது. அப்பலகையின் அருகே இச்சோதனையைச் செய்து காட்டுதல் பொருத்தமாகும்.

களப் பணியாளர்கள் தாய்மார் கூட்டங்களில், ஒரு வேளை சக்காத் தடவலையும் மறுவேளை உலர் சட்னிப் பொடியையும் தயாரித்துச் சுவைக்கக் கொடுக்கலாம். அந்தந்த வட்டாரத்தில் விளையும் எண்ணெய் வித்தையும், அங்குள்ளோர் விரும்பும் காரத்தையும் புளிப்பையும் ஒட்டி முறையைச் சிறிது மாற்றிக்கொள்வதில் தவறில்லை. மாறலாகாதவை சில உண்டு: இனிப்புப் பொருள் எவ்வுருவிலும் சேரலாகாது, ஸ்டார்ச்சினாற் கெட்டியாக்கலாகாது, ஈரமான பண்டத்தைச் சிறிதளவே தயாரித்து விரைவில் தீர்த்துவிட வேண்டும். இவற்றைக் கடைப்பிடிக்கும் இல்லங்களில் உணவின் சுவை குன்றாமலே, சர்க்கரையின் ஒரு பகுதி நாள்தோறும் குறையும்.